நீள்வட்டத்துக்கும் கிறுக்கு உண்டா?

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. பாடப்புத்தகத்தில் ‘மையத்தொலைத்தகவு’ என்று இருக்கிறது. வானியல் கட்டுரை ஒன்றில் அதையே ‘வட்டவிலகல்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘எக்சென்ட்ரிசிட்டி’ என்று ஒரே சொல். அகராதியைப் புரட்டினால் ‘கிறுக்குத்தனம்’ என்றும் அதற்கு ஒரு பொருள் வருகிறது. “அப்ப நீள்வட்டத்துக்கும் கிறுக்கு உண்டாம்மா?” என்று மகள் கேட்டிருக்கிறாள். கூடவே, “இந்த எண் ஒண்ணைத் தாண்டிப் போகுமா?” என்றும். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் அகராதிப் பொருள் கேட்கவில்லை என்று புரிகிறது. மூன்று இடத்திலும் ஒரே எண்ணம்தான் ஓடுகிறதா, அல்லது ‘ஆறு’ என்ற சொல் நதிக்கும் இருக்கிறது, எண்ணுக்கும் இருக்கிறது என்பதுபோல் தற்செயலா என்பதுதான் உங்கள் சந்தேகம். ஒரே எண்ணம்தான். ‘மையத்துக்கு வெளியே’ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள். ஆனால் பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விதம் அந்த எண்ணத்தை மறைத்துவிடுகிறது. முப்பத்தொரு வருடம் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன் நான். சாயங்காலங்களில் தொலைநோக்கியோடு மொட்டைமாடியில் நிற்பவன். கணக்கும் வானமும் எனக்குக் கைப்பழக்கம். மனித குணம் பற்றிச் சொல்வதெல்லாம் படித்ததும் பார்த்ததும்தான், அதற்கு அந்த அளவு மதிப்பே கொடுங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் வகுப்பில், “இந்தத் தகவு என்பது வட்டம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதன் அளவு” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அட்டை, நூல், குண்டூசி கொடுத்து நீள்வட்டம் வரையச் சொன்னேன். இரண்டு ஊசியைக் குத்தி, நூல் வளையத்தை மாட்டி, பென்சிலால் இழுத்துப் பிடித்துச் சுற்றும் அதே பழைய செய்முறைதான். நெட்டச்சு, அதாவது நீளவாக்கு அச்சு, 20 சென்டிமீட்டர், தகவு 0.2. ஊசிகளுக்கு இடையே 4 சென்டிமீட்டர் வரும். ஒரு மாணவி வரைந்து முடித்து, ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு எழுந்தாள். “சார், நீளம் 20, அகலம் 19.6. இது வட்டம்தானே?” நான் ‘0.2 என்றால் இருபது சதவீதம் நசுங்கியிருக்கும்’ என்று சொல்லியிருந்தேன். அவள் ஸ்கேலில் இரண்டு சதவீதம்தான் வந்தது.

அவள் சொன்னதே சரி. தகவு என்பது, மையத்திலிருந்து குவியம், அதாவது ஊசி குத்திய புள்ளி, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை நெட்டச்சின் பாதியால் வகுத்தது. அவ்வளவுதான். நசுக்கம் அதிலிருந்து பிறக்கும் விளைவு, அதுவும் மிக மெதுவாகப் பிறக்கும் விளைவு. தகவு சிறியதாக இருக்கும்வரை நசுக்கம் ஏறக்குறைய அதன் வர்க்கத்தில் பாதி. 0.2-இன் வர்க்கம் 0.04, அதில் பாதி 0.02. அந்த இரண்டு சதவீதம்தான் ஸ்கேலில் வந்தது. அதே சமயம் குவியத்தைப் பாருங்கள். அரை அச்சு 10 சென்டிமீட்டரில் அது 2 சென்டிமீட்டர் நகர்ந்து நிற்கிறது, யார் கண்ணுக்கும் தெரியும். உருவம் வட்டம்போலவே இருக்கிறது, உள்ளே இருக்க வேண்டியவர்தான் நடுவில் இல்லை.

இதைப் பூமிக்குப் போட்டால் இன்னும் வேடிக்கை. பூமிப் பாதையின் தகவு 0.0167. அதே 20 சென்டிமீட்டர் அட்டையில் இரண்டு ஊசிக்கும் நடுவே 3.3 மில்லிமீட்டர்தான் இடம். குண்டூசித் தலைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், குத்திப் பாருங்கள். நசுக்கம் ஒரு பக்கத்துக்கு 0.014 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பாடப்புத்தகத்தில் பூமியின் பாதையை முட்டை மாதிரி போடுவது, தட்டைச் சாய்வாகப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்த படம். பக்கத்தில் அதை யாரும் எழுதுவதில்லை. ஆகவே ‘வட்டவிலகல்’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வட்டத்திலிருந்து விலகுவது அல்ல முதல் விஷயம், மையத்திலிருந்து விலகுவதுதான். உங்கள் மகளின் புத்தகத்தில் இருக்கும் ‘மையத்தொலைத்தகவு’ வாயில் நுழையாத சொல்லாக இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

தேர்வுக்கு அவள் படிக்கும் இன்னொரு வரையறையும் இதோடு முரண்படாது. குவியத்திலிருந்து உள்ள தூரத்தை, இயக்குவரை என்ற ஒரு நிலையான நேர்கோட்டிலிருந்து உள்ள தூரத்தால் வகுத்தால் எந்தப் புள்ளியிலும் அதே எண் வரும். ஒன்றுக்குக் கீழே என்றால் நீள்வட்டம், சரியாக ஒன்று என்றால் பரவளையம், மேலே போனால் அதிபரவளையம். இரண்டு வரையறையும் ஒரே எண்ணைத் தருகின்றன என்பதை அவளே ஒரு பக்கத்தில் நிறுவிவிடலாம், நான் அதை இங்கே இழுக்கவில்லை.

சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு நீள்வட்டத்தையே மறந்துவிட வேண்டும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்கருக்கு ஒரு சிக்கல். சூரியன் வட்டத்தில் சீரான வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால் நான்கு பருவமும் சமமாக இருக்க வேண்டும். ஆனால் அவர் கணக்கில் வசந்தம் 94½ நாள், கோடை 92½ நாள், மற்ற இரண்டும் இன்னும் குறைவு. வட்டத்தையும் விட மனமில்லை, சீரான வேகத்தையும் விட மனமில்லை. எனவே பூமியை நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார், ஆரத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. நடு தவறிய இடத்தில் நின்று பார்த்தால் சூரியன் ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் போவதுபோல் தோன்றும். இப்படி மையம் பிசகிய வட்டத்துக்குத்தான் ‘எக்சென்ட்ரிக்’ என்று பெயர். வட்டம் குறையில்லாத வட்டம், கிறுக்கு அதன் வடிவத்தில் இல்லை.

அவருடைய இருபத்துநான்கில் ஒன்று, அதாவது 0.042, இன்றைய 0.0167-ஐவிட இரண்டரை மடங்கு பெரியது. அளவீட்டுப் பிழை அதில் கொஞ்சம். பெரும்பகுதிக்கு வேறு காரணம். சூரியன் தூரத்தில் இருக்கும்போது மெதுவாகத் தெரிவதில் பாதி மட்டுமே தூரத்தால் வருவது, மீதிப் பாதி பூமி உண்மையிலேயே மெதுவாக ஓடுவதால். ஹிப்பார்க்கஸ் முழுப் பழியையும் தூரத்தின் தலையில் போட்டார், அதனால் இரட்டிப்பாகத் தள்ள வேண்டி வந்தது. பிறகு தாலமி என்ற வானியலாளர் கிரகங்களுக்குக் கணக்குப் போடும்போது இந்தப் பிசகைத் தூரத்துக்குப் பாதி, வேகத்துக்குப் பாதி என்று இரண்டாகப் பங்கிட்டார். அந்த ஏற்பாடு ஏறத்தாழ 1,400 வருடம் தாக்குப்பிடித்தது.

எப்படித் தாக்குப்பிடித்தது என்று கேட்டால், என் மாணவியின் ஸ்கேல்தான் பதில். செவ்வாயின் தகவு 0.093. நம் அட்டையில் சூரியன் நடுவிலிருந்து 9.3 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், நசுக்கமோ அரை மில்லிமீட்டர்கூட வராது. மையம் பிசகிய வட்டமே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விளக்கிவிடும். அந்த அரை மில்லிமீட்டரைப் பிடிக்க டென்மார்க் வானியலாளர் டைகோ பிராகியின் அளவீடுகள் வேண்டியிருந்தன. அவருக்குப் பின் வந்த ஜெர்மானிய வானியலாளர் கெப்ளர் அதை வைத்துக்கொண்டு செவ்வாயோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஒரு கட்டத்தில் வட்டக் கணக்குக்கும் அளவீட்டுக்கும் வித்தியாசம் வெறும் எட்டுக் கலை. ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். வேறு யாராக இருந்தாலும் ‘போதும்’ என்று எழுந்து போயிருப்பார்கள். டைகோ அவ்வளவு பெரிய தப்புச் செய்யமாட்டார் என்று கெப்ளர் நம்பினார், கணக்கைத் தூக்கிப் போட்டார், 1609-இல் நீள்வட்டத்தோடு வந்தார். சூரியன் குவியத்தில். அன்றிலிருந்துதான் பழைய சொல் நீள்வட்டத்தின் சொத்தாயிற்று.

இனி வீட்டுச் சுவரைப் பாருங்கள். தினசரி காலண்டர் மாட்டியிருந்தால் பூமியின் தகவு அதில் அச்சடித்தே இருக்கிறது. ஆங்கில மாதத்தின் 31, 30, 28 எல்லாம் மனிதர்கள் வகுத்துக்கொண்டவை. தமிழ் மாதம் அப்படியில்லை. சூரியன் ஒரு ராசியை, அதாவது 30 பாகையைக் கடக்க எவ்வளவு காலம் ஆகிறதோ அதுதான் மாதம். ஆனியை எண்ணுங்கள், 31 அல்லது 32 நாள் வரும். மார்கழியை எண்ணுங்கள், 29, சில வருடம் 30. ஜூலை 4-ஐ ஒட்டி, ஆனி மாதத்தில், பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளி 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது, நொடிக்கு 29.3 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. ஜனவரி 3-ஐ ஒட்டி, மார்கழியில், 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டருக்கு நெருங்கி 30.3 கிலோமீட்டர் வேகம் பிடிக்கிறது. தள்ளி இருப்பதும் மெதுவாகப் போவதும் சேர்ந்துகொள்ள, ஆனிக்கும் மார்கழிக்கும் இரண்டு நாள் வித்தியாசம். திருப்பாவை முப்பது பாட்டு, மார்கழிக்கோ பல வருடம் 29 நாள்தான். கடைசியில் எப்படிச் சரிக்கட்டுவது என்று கோயிலில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்குக் காரணம் 0.0167.

நம் சித்தாந்தக்காரர்களுக்கு, அதாவது பழைய இந்திய வானியல் நூல்களை எழுதியவர்களுக்கு, இது நன்றாகத் தெரியும். சூரியன் மிக மெதுவாகப் போகும் திசைக்கு மந்தோச்சம் என்று பெயர் வைத்தார்கள். மந்தம் என்றால் மெதுவு, உச்சம் என்றால் உச்சம். சூரிய சித்தாந்தத்தில் அது சுமார் 77 பாகை, அதாவது மிதுன ராசியில் 17 பாகை, நட்ட நடு ஆனி. அந்தக் கணக்கில் ஆனி 31.6 நாள், மார்கழி 29.3 நாள். அவர்கள் எடுத்துக்கொண்ட பிசகு இன்றைய அளவைவிடக் கொஞ்சம் பெரியது, ஆகவே வித்தியாசமும் சற்றுத் தூக்கலாக வரும். மந்தோச்சத்திலிருந்து கிரகம் எத்தனை பாகை நகர்ந்திருக்கிறது என்பதை மந்த கேந்திரம் என்பார்கள். இந்தக் ‘கேந்திரம்’ கிரேக்க ‘கென்ட்ரான்’ என்பதிலிருந்து சமஸ்கிருதம் வழியாக வந்த சொல். ஜோசியர் “குரு கேந்திரத்துல இருக்கார்” என்று சொல்லும்போதும், ஆங்கிலேயர் ஒருவரை ‘எக்சென்ட்ரிக்’ என்று சொல்லும்போதும் வாயில் வருவது ஒரே வேர்ச்சொல்.

பூமிக்கு மட்டும் இல்லை, நிலாவுக்கும் இந்தப் பிசகு உண்டு. தகவு சராசரியாக 0.055. இரண்டு பிசகும் ஒரே நாளில் கைகோத்துக்கொண்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2010 ஜனவரி 15, தை அமாவாசை. ராமேஸ்வரம் கூட்டத்தில் நசுங்கி, நான்கு ஆசிரியர்களாகத் தனுஷ்கோடி மணலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது, ஆகவே சூரியன் வழக்கத்தைவிடச் சற்றுப் பெரியது. நிலா தன் தூர முனையை இரண்டு நாளில் தொடப்போகிறது, ஆகவே அது வழக்கத்தைவிடச் சிறியது. சிறிய தட்டு பெரிய தட்டை மூடினால் விளிம்பு மிச்சம் நிற்குமே, அதுதான் வளையம். மதியம் ஒரு மணி தாண்டி வெயில் சாம்பல் பூத்தாற்போல் ஆயிற்று. கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு தீ வளையல், சுமார் பத்து நிமிடம் அப்படியே நின்றது. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது என்ன இன்னும் விடமாட்டேங்குது” என்றார். இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் 11 நிமிடம் 8 நொடி நின்றது. இதைவிட நீளமான வளைய கிரகணம் இனி 3043-இல்தான். கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் யாழ்ப்பாணத்திலும் பலர் பார்த்த 2019 டிசம்பர் 26 வளையம் மூன்று நிமிடச் சொச்சத்தில் முடிந்துபோனது நினைவிருக்கலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தட்டிவிட வேண்டும், உங்கள் மகளின் வகுப்பிலும் நிச்சயம் நாலு பேருக்கு இருக்கும். கோடை வருவது சூரியன் பக்கத்தில் வருவதால் அல்ல. நாம் மிக நெருங்கி இருப்பது மார்கழிக் குளிரில்தான். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு. தகவு செய்வது, பருவங்களின் நீளத்தை மாற்றுவது: பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதச் சமநாளிலிருந்து செப்டம்பர் சமநாள் வரை 186 நாள், மறுபாதி 179 நாள். இது உறுதி. பூமியின் தகவு நிலையானது அல்ல, ஏறக்குறைய ஒரு லட்சம் வருட அலையிலும் நாலு லட்சம் வருட அலையிலும் பூஜ்யத்தை ஒட்டிய அளவுக்கும் 0.06-ஐ ஒட்டிய அளவுக்கும் இடையே ஏறி இறங்குகிறது என்பதும் உறுதி. செர்பியக் கணிதர் மிலன்கோவிச் இதையும் அச்சுச் சாய்வின் மாற்றத்தையும் சேர்த்துப் பனியுகங்களை விளக்கினார். கடந்த பல பனியுகங்கள் ஒரு லட்சம் வருட இடைவெளியில் வந்திருக்கின்றன. ஆனால் தகவு மாறுவதால் ஆண்டு முழுவதும் பூமிக்கு வரும் மொத்த வெயில் மாறுவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பம் எப்படி அவ்வளவு பெரிய பனிப்பாளங்களை ஆட்டிவைக்கிறது என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு. யாராவது ‘தகவுதான் பனியுகத்துக்குக் காரணம்’ என்று ஒரே வரியில் முடித்தால் நம்பிவிடாதீர்கள்.

சொல் வேறு இடங்களிலும் உலவுகிறது. பழைய பட்டன் போன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நகம் அளவு மோட்டாரின் முனையில் அரைநிலா வடிவத்தில் ஓர் உலோகத் துண்டு இருக்கும். அது நடுவில் மாட்டப்பட்டிருந்தால் சத்தமில்லாமல் சுற்றியிருக்கும். ஒருபக்கமாக மாட்டியிருப்பதால்தான் போன் மேஜை மேல் நகர்ந்து நடுங்குகிறது. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கிராஃப் தியரியிலும் இதே சொல் உண்டு: ஒரு புள்ளியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள புள்ளிக்கு எத்தனை கோடு தாண்ட வேண்டும். ஒரே வரிசையில் ஐந்து பஸ் நிறுத்தம் என்றால் நடு நிறுத்தத்துக்கு 2, கோடி நிறுத்தத்துக்கு 4. எது குறைவோ அதுதான் மையம். குவியமும் இல்லை, இயக்குவரையும் இல்லை. மையத்திலிருந்து தள்ளி இருப்பது என்ற எண்ணம் மட்டும் கூடவே வருகிறது.

இப்போது மனிதர்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 17-ஆம் நூற்றாண்டிலேயே வானத்திலிருந்து ஆட்கள் மேல் இறங்கிவிட்டது. அது திட்டும் சொல்லாகவே நின்றுவிடவில்லை. 1859-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், கிறுக்காக இருக்க மிகச் சிலரே துணிகிறார்கள் என்பதைத் தன் காலத்தின் பெரிய ஆபத்தாகவே எழுதினார்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஆங்கில விஞ்ஞானி ஹென்றி கேவெண்டிஷ், 1731-இல் பிறந்து 1810-இல் இறந்தவர். இரண்டு டியூக்குகளின் பேரன், பெரும் பணக்காரர், ஹைட்ரஜனைத் தனி வாயுவாக இனங்கண்டவர். போன தலைமுறை மோஸ்தரில் ஒரு மங்கிய கோட்டு. வேலைக்காரப் பெண்களோடு பேசமாட்டார். சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று சீட்டெழுதி வைத்துவிடுவார். வீட்டில் அவர்களை எதிர்ப்படாமல் இருக்கத் தனிப் படிக்கட்டே கட்டிக்கொண்டார் என்பார்கள். கடைசியில் சொன்ன படிக்கட்டுக் கதை போன்றவற்றை நாற்பது வருடம் கழித்து, 1851-இல் வந்த வாழ்க்கை வரலாறு ஒன்றுதான் பரப்பியது. கேட்டவர் சொல்லிச் சொல்லி மெருகேறியதும் அதில் இருக்கும்.

மெருகு தேவைப்படாத விஷயம் அவருடைய சோதனைக்கூடத்தில் இருக்கிறது. 1797-98-இல் பூமியை எடை போட்டார். சுமார் ஆறடிக் கோலின் இரு முனையிலும் சிறிய ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு, பக்கத்தில் தலா 158 கிலோ பெரிய குண்டுகளைக் கொண்டுவந்து, ஈர்ப்பில் கோல் எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது. திருப்பம் அற்பம். அறையில் ஓர் ஆள் நின்றால் அவர் உடம்புச் சூடு காற்றைக் கிளப்பிவிட்டுக் கணக்கைக் கெடுத்துவிடும். கேவெண்டிஷ் அறையைப் பூட்டிவிட்டு, வெளியிலிருந்தே கயிற்றால் குண்டுகளை நகர்த்தி, சுவரில் துளை போட்டுத் தொலைநோக்கியால் அளவுகோலைப் படித்தார். பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் 5.48 மடங்கு என்றார். இன்றைய மதிப்பு 5.51. மனிதர்கள் இருக்கும் அறைக்குள் நுழையத் தயங்கியவர், தன்னையும் அறைக்கு வெளியே நிறுத்திக்கொண்டு செய்த சோதனை. இரண்டையும் கோத்துப் பார்ப்பது என் ஆசை, அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

இவரிடம் நான் பார்ப்பது என் மாணவி வரைந்த அந்த 0.2 நீள்வட்டம்தான். லண்டன் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டியின் விருந்துக்கு ஒழுங்காக வருவார், கணக்கு வழக்கில் குறையிராது, வெளி உருவம் ஏறக்குறைய வட்டம். ஆனால் ஊர் எதைச் சுற்றுகிறதோ அதை அவர் சுற்றவில்லை. பேர் வாங்குவதுகூட அவருக்கு நடுவில் இல்லை. மின்சாரத்தில் பின்னாளில் கூலோம், ஓம் என்ற விஞ்ஞானிகளின் பேரில் வந்த விதிகளைக் கண்டுபிடித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அவற்றைத் தேடியெடுத்து 1879-இல்தான் அச்சேற்றினார்.

ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். கோளுக்கு ஒரு குவியம் உண்டு, அதில் சூரியன் இருக்கிறது, அளக்கலாம். ஆளுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. மனநல மருத்துவர்கள் சில ஆளுமைக் கோளாறுகளை ‘எக்சென்ட்ரிக்’ தொகுதி என்று ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பது உண்மை. ஆனால் பழக்கத்தில் விசித்திரமாக இருப்பது வேறு, அவதிப்படுவது வேறு. வீட்டில் யாரையாவது மனத்தில் வைத்து நீங்கள் கேட்டிருந்தால், அதற்குக் கணக்கு வாத்தியார் பதில் உதவாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். கேவெண்டிஷுக்கு இன்னது இருந்தது என்று இருநூறு வருடம் கழித்துப் பெயர் சூட்டுபவர்களும் இருக்கிறார்கள். நோயாளியைப் பார்க்காமல் சொல்லும் அந்த நோய்ப்பெயர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தமிழில் ‘கிறுக்கு’ என்ற மொழிபெயர்ப்பு கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் வீண் அல்ல. கோட்டை விட்டு ஓடும் எழுத்தும் கிறுக்கல், ஊர்வழியை விட்டு ஓடும் ஆளும் கிறுக்கு. நம்மிடமும் வானத்துச் சொற்கள் ஆட்கள் மேல் ஏறியிருக்கின்றன, ஆனால் கடுமையாக. கிரகம் பின்னோக்கிப் போவதுபோல் தெரிந்தால் வக்கிரம். ஆளுக்குச் சொன்னால் வக்கிர புத்தி, பாராட்டே இல்லை. மேலே சொன்ன மந்தமும் அப்படியே, மந்த புத்தி. கனிவாகச் சொல்ல வேண்டுமென்றால் நாம் பெயரே வைப்பதில்லை. “அவர் ஒரு மாதிரி” என்று சொல்லி நிறுத்திவிடுவோம், கேட்பவருக்குப் புரிந்துவிடும். மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘சித்தன் போக்கு சிவன் போக்கு’. ‘எக்சென்ட்ரிக்’ என்பதற்கு என்னைக் கேட்டால் இதுதான் அருகில் வரும் தமிழ். போக்கு என்றால் குணம், போக்கு என்றால் போகிற பாதை.

கடைசியாக, ஒன்றைத் தாண்டுமா என்ற கேள்வி. தாண்டும். புதன் 0.206. ஹாலி வால்நட்சத்திரம் 0.967, நம் அட்டையில் வரைந்தால் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு அகலம் 5 சென்டிமீட்டர்தான், இங்கே உண்மையிலேயே நசுக்கம் கண்ணுக்குத் தெரியும். 76 வருடத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் முன்னே பின்னே, திரும்பி வருகிறது. கடைசியாக வந்தது 1986, அடுத்து 2061. ஒன்றுக்குக் கீழே இருக்கும்வரை எவ்வளவு தூரம் போனாலும் திரும்பித்தான் ஆக வேண்டும். 2017-இல் ஔமுவாமுவா என்று ஒன்று வந்தது, தகவு 1.2. 2019-இல் போரிசோவ், 3.36. 2025 ஜூலையில் அட்லஸ் என்று மூன்றாவது, 6-ஐத் தாண்டிய தகவு. வேறு ஏதோ ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் பிறந்து, வழியில் நம் சூரியனை ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றாமல், பாதை மட்டும் வளைந்து, போய்விட்டவை. எண் பெரியதாக ஆக ஆக வளைவும் குறையும். அட்லஸின் பாதையைத் தாளில் வரைந்தால் சற்றே மடங்கிய நேர்கோடு மாதிரிதான் இருக்கும். இதை மட்டும் இரண்டு ஊசியும் நூல் வளையமும் வைத்து வரைய முடியாது, உங்கள் மகளிடம் ஏன் என்று கேளுங்கள். அதிபரவளையத்தில் இரண்டு தூரங்களின் கூடுதல் மாறாமல் இருக்காது, வித்தியாசம்தான் மாறாது. நூலுக்குக் கூட்டத்தான் தெரியும்.